மதம் என்ன செய்கிறது? ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகள்

ஒரு பெண் இறந்துபோகிறாள். அவளுக்குக் கணவன், ஒரு மகன், மூன்று மகள்கள். சொத்தை எப்படிப் பிரிப்பது? ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தன் இயற்கணித நூலில் போட்டுக் காட்டும் கணக்கு இது. பிள்ளைகள் இருந்தால் கணவனுக்குக் கால் பங்கு என்பது இஸ்லாமியச் சட்டம். மீதி முக்காலில், மகளுக்கு ஒரு பங்கு என்றால் மகனுக்கு இரண்டு. ஆக, மீதியை ஐந்தாக வகுக்க வேண்டும். மொத்தச் சொத்தை 20 கூறாக வைத்துக்கொண்டால் கணவனுக்கு 5, மகனுக்கு 6, மகள்களுக்கு ஆளுக்கு 3. சரியாக வந்துவிடுகிறது.

இயற்கணிதத்தின் ஆதி நூல்களில் ஒன்றான அந்தப் புத்தகத்தில் ஒரு பெரிய பகுதி இப்படிப்பட்ட பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே போயிருக்கிறது. வேதம் விதித்த பங்கு, குடும்பத்தில் நேர்ந்த சாவு, தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை, மூன்றும் ஒரே பக்கத்தில் வருகின்றன. இங்கே மதம் கணிதத்துக்கு வேலை கொடுத்தது. பெண்ணுக்குச் சொத்தில் யாரும் மறுக்க முடியாத பங்கைக் கொடுத்தது. அந்தப் பங்கு சகோதரனுக்குக் கிடைப்பதில் பாதிதான் என்றும் கட்டிப்போட்டது. "மதம் நல்லதா கெட்டதா?" என்று கேட்டால், இந்த ஒரு கணக்கே இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்லும்.

அதனால்தான் மதத்தை ஆராயும் வரலாற்றாசிரியர்களும் சமூகவியலாளர்களும் அந்தக் கேள்வியோடு நிற்பதில்லை. எந்த மதம், எந்தக் காலம், எந்த வழியாக, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். இதில் 'எந்த வழியாக' என்பதுதான் உயிர்நாடி என்பேன். மதம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் கடவுள் நம்பிக்கை இருக்கிறது, தவறாமல் கூடும் கூட்டம் இருக்கிறது, திருமணத்தையும் சொத்தையும் ஆளும் சட்டம் இருக்கிறது, நிலமும் பள்ளியும் பணமும் வைத்திருக்கும் நிறுவனம் இருக்கிறது. நான்கும் நான்கு விதமாக வேலை செய்கின்றன. ஒரு விளைவைக் கண்டால், அதைச் செய்தது இவற்றில் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வாளர் வேலை.

சண்டைக் கதை எங்கிருந்து வந்தது?

அறிவியலும் மதமும் ஆதியிலிருந்தே எதிரிகள் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அதற்கே ஒரு பிறந்த காலம் உண்டு. 1874இல் அமெரிக்க அறிவியலாளர் ஜான் வில்லியம் டிரேப்பரும், 1896இல் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டும் எழுதிய இரண்டு நூல்கள்தான் அதைப் பரவலாக்கின. ஒயிட், கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். எந்தத் திருச்சபைக்கும் கட்டுப்படாத கல்வி நிலையமாக அதை நடத்த முனைந்ததால் மதவாதிகளிடம் கடுமையாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அந்தச் சூடு அவருடைய வரலாற்றிலும் இறங்கியது. டிரேப்பரின் கோபம் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபை மீது. போப்பின் போதனை தவறாதது என்று 1870இல் திருச்சபை அறிவித்திருந்த நேரம் அது.

இந்தக் கதையோடு சேர்ந்து வளர்ந்த ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும். இடைக்காலத் திருச்சபை பூமி தட்டை என்று போதித்ததாகவும், கொலம்பஸ் அதை உடைத்ததாகவும் இன்றும் பலர் நம்புகிறார்கள். பூமி உருண்டை என்பது படித்தவர்களுக்கு அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பல்கலைக்கழகப் பாடநூலிலேயே அது இருந்தது. கொலம்பஸோடு அறிஞர்கள் தகராறு செய்தது பூமியின் அளவைப் பற்றி. அதில் அவர்கள் சொன்னதுதான் சரி, அவர் போட்ட கணக்கு மிகச் சிறியது. தட்டை பூமிக் கதையைப் பரப்பியதில் 1828இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, கலிலியோ? அது நடந்தது உண்மை, அநியாயம் என்பதும் உண்மை. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் நூலை, 1616இல், திருத்தும்வரை படிக்கக் கூடாது என்று திருச்சபை தடை போட்டது. 1632இல் கலிலியோ அதே கருத்தை உரையாடல் வடிவில் விவாதிக்கும் நூலை வெளியிட்டார். 1633இல் அவரை விசாரித்து, பூமி சுற்றுகிறது என்ற கருத்தை மறுதலிக்க வைத்தார்கள். 1642இல் இறக்கும்வரை அவர் வீட்டுக் காவலில்தான் இருந்தார். 1992இல்தான் போப் இரண்டாம் ஜான் பால் அன்றைய இறையியலாளர்கள் செய்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இதில் நிறைய இழைகள் பின்னிக் கிடக்கின்றன. கோப்பர்நிக்கஸ் திருச்சபையில் பதவி வகித்தவர், தன் நூலைப் போப்புக்கே காணிக்கையாக்கியவர். கலிலியோவைத் தண்டித்த போப் எட்டாம் அர்பன், அதற்கு முன் அவருடைய நண்பர், புரவலர். அந்தப் போப்பின் வாதத்தையே உரையாடல் நூலில் வரும் அசட்டுப் பாத்திரத்தின் வாயில் கலிலியோ வைத்தார். அப்போது ஐரோப்பாவில் கத்தோலிக்கருக்கும், அந்தத் திருச்சபையிலிருந்து பிரிந்த புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மத எதிரிகளிடம் மென்மையாக இருக்கிறார் என்ற குற்றச்சாட்டு போப் மீதே இருந்தது. அறிவியல் பக்கத்திலும் ஒரு இடைவெளி உண்டு. பூமி சூரியனைச் சுற்றினால் விண்மீன்களின் இடம் ஆண்டு முழுதும் சற்றே மாறித் தெரிய வேண்டும். அந்த மாற்றத்தை அளந்து காட்ட 1838இல் பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் வரவேண்டியிருந்தது. இதையெல்லாம் சொல்வதால் திருச்சபை செய்தது நியாயமாகிவிடாது. கேள்வி கேட்டவனை நிறுவனம் வாயடைத்தது. அதன் பின்னால் வேதத்தின் பொருள் பற்றிய சண்டையும், அரசியலும், அவமானப்பட்ட ஒரு மனிதரும் இருந்தார்கள் என்று தெரிந்தால்தான் நடந்தது புரியும்.

இயன் பார்பர் என்ற இயற்பியலாளர், இறையியலும் படித்தவர், இந்த உறவை நான்காக வகுத்தார்: மோதல், தனித்தனி வழி, உரையாடல், ஒருங்கிணைப்பு. தொடக்க நிலையில் படிப்பவர்களுக்கு இன்றும் கைகொடுக்கும் வகைப்பாடு இது. இரண்டாவது வகைக்குப் பேர்போன குரல் பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுடையது. உலகம் எப்படி இயங்குகிறது என்பது அறிவியலின் எல்லை, எப்படி வாழ வேண்டும் என்பது மதத்தின் எல்லை, அவரவர் எல்லையில் இருந்தால் சண்டையே இல்லை என்றார் அவர். இன்னொரு உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் இதை ஏற்கவில்லை. மதங்கள் அற்புதங்களையும் உலகத் தோற்றத்தையும் பற்றிப் பேசும்போது உலகைப் பற்றித்தானே பேசுகின்றன என்பது அவர் வாதம். இந்த இடத்தில் டாக்கின்ஸ் சொல்வதில் வலு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கூல்ட் போட்ட எல்லைக்கோட்டுக்குள் அடங்கி நடக்கும் மதம் உலகில் அபூர்வம்.

அந்தக் கோட்டைத் தன் வாழ்க்கையில் காத்துக் காட்டிய ஒருவர் உண்டு. ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு, இயற்பியலாளர். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். 1931இல், எல்லாம் ஒற்றை 'ஆதி அணு'விலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். இன்று பெருவெடிப்பு என்று நாம் சொல்லும் கொள்கையின் வேர் அங்கே இருக்கிறது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரையில், இந்தப் புதிய வானியல் படைப்பு நடந்ததற்குச் சான்று தருகிறது என்ற தொனியில் பேசினார். ஒரு குருவுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? லெமைத்ருக்கோ அது பிடிக்கவே இல்லை. தன் கொள்கை இயற்பியல், நாளை வேறு சான்று வந்தால் விழுந்துவிடக் கூடியது, அதன் மீது விசுவாசத்தை ஏற்றி வைக்கக் கூடாது என்பது அவர் நிலை. மறு ஆண்டு ரோமில் வானியலாளர்கள் முன் பேசியபோது போப் அந்தக் கூற்றைத் திரும்பச் சொல்லவில்லை.

மதம் அறிவியலை வளர்த்தது என்ற வாதமும் இருக்கிறது. 1938இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அறிவியல் தழைத்ததற்குப் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறித்தவர்களின் மனப்பான்மை உதவியது என்றார். இயற்கையை ஆராய்வது கடவுளைப் போற்றும் வழி என்று அவர்கள் எண்ணினார்கள். ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தில் 1663இல் இருந்தவர்களில் மதச் சார்பு தெரிந்த 68 பேரில் 42 பேர் பியூரிட்டன்கள் என்று அவர் எண்ணிக் காட்டினார். யாரைப் பியூரிட்டன் என்று கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் விமர்சகர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். வலையை அகலமாக விரித்தால் மீன் அதிகம் விழத்தான் செய்யும்.

1991இல் ஜான் ஹெட்லி புரூக் எழுதிய வரலாற்றுக்குப் பிறகு, துறை வல்லுநர்களில் பெரும்பாலோர் 'எப்போதும் மோதல்', 'எப்போதும் இணக்கம்' என்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள். காலத்துக்குக் காலம், இடத்துக்கு இடம் உறவு மாறியது என்பதே இப்போது அவர்கள் நிற்கும் இடம்.

குடும்பத்துக்குள்

அறிவியலைவிடக் குடும்பத்தில்தான் மதத்தின் கை ஆழமாக நுழைந்திருக்கிறது. யாரை மணக்கலாம், மணமுறிவு செய்யலாமா, தத்தெடுக்கலாமா, சொத்து யாருக்கு என்று எல்லாவற்றிலும் அது பேசியிருக்கிறது.

மானுடவியலாளர் ஜாக் கூடி 1983இல் ஒரு துணிச்சலான வாதத்தை வைத்தார். இடைக்கால மேற்கு ஐரோப்பாவில் திருச்சபை உறவுக்குள் மணப்பதைத் தடுத்தது, தத்தெடுப்பை ஊக்குவிக்கவில்லை, மணமுறிவை மறுத்தது. இப்படிச் செய்தால் வாரிசில்லாத குடும்பங்கள் கூடும். அந்தச் சொத்துகள் எங்கே போகும்? திருச்சபைக்குப் போயின என்றார் அவர். உறவுத் தடை ஒரு கட்டத்தில் ஏழு தலைமுறைக்குள் பொது மூதாதை இருந்தாலே மணக்கக் கூடாது என்ற அளவுக்கு நீண்டது. 1215இல் நான்காம் லாட்டரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை அதை நான்கு தலைமுறையாகக் குறைத்தது. நிலத்துக்காகவே இத்தனையும் செய்தார்கள் என்பதற்குச் சான்று போதாது, விளைவைப் பார்த்து நோக்கத்தைச் சொல்லக் கூடாது என்று பலர் ஜாக் கூடியை மறுத்தார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் அவர் திறந்த கதவு மூடவில்லை. ஜோசப் ஹென்ரிச்சும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மேற்குத் திருச்சபையின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த பகுதிகளில் உறவுமுறைக் கட்டு தளர்ந்தும், தனிமனிதப் போக்கும் அந்நியர் மேல் நம்பிக்கையும் மிகுந்தும் காணப்படுவதாக எழுதினார்கள். ஆயிரம் ஆண்டு வரலாற்றை ஒரே காரணத்தில் தொங்கவிடலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இன்றைய குடும்பங்களை ஆராய்பவர்கள் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் அனெட் மஹோனி, தங்கள் மணவாழ்வைப் புனிதமானது என்று எண்ணும் தம்பதிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வருபவர். அப்படி எண்ணுகிறவர்கள் கூடுதல் மனநிறைவைச் சொல்வதையும், சச்சரவைப் பேசித் தீர்க்க அதிகம் முயல்வதையும் அவர் கண்டார். இதே எண்ணத்துக்கு மறுபக்கம் உண்டு. புனிதம் என்று கருதிய உறவு முறிந்தால் வலியும் இரட்டிப்பாகிறது. கணவனும் மனைவியும் மத விஷயத்தில் ஒத்துப்போகாவிட்டால், வீட்டுச் சண்டைக்குக் கடவுளையே சாட்சிக்கு இழுப்பதும் நடக்கிறது.

இங்கே புதிதாகப் படிக்கிறவர்கள் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்களிடம் மணமுறிவு குறைவு என்று ஆய்வு சொன்னால், வழிபாடுதான் மணத்தைக் காத்தது என்று அதற்குப் பொருள் வராது. ஒழுங்கான வாழ்க்கைப் பழக்கம் உள்ளவர்களே இரண்டையும் செய்பவர்களாக இருக்கலாம். மணமுறிந்தவர்கள் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியிருக்கலாம். துன்பத்தைச் சகித்துக்கொண்டு பிரியாமல் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் 'நிலைத்த மணம்' என்றே விழுவார்கள். இந்தக் கடைசி விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். பிரியாமல் இருப்பதும் நன்றாக வாழ்வதும் ஒன்றில்லை.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நம்பிக்கை எப்படிப் போகிறது என்பதில் வெர்ன் பெங்ட்சனின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 1970களின் தொடக்கத்தில் தெற்கு கலிபோர்னியாவில் தொடங்கி, ஒரே குடும்பங்களின் பல தலைமுறைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தார்கள் என்பதோடு, பிள்ளையிடம் எவ்வளவு அன்பாக இருந்தார்கள் என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. குறிப்பாக அப்பாவின் நெருக்கம். கண்டிப்பும் விலகலுமாக இருந்த பக்திமான்களின் பிள்ளைகள் விலகிப் போனார்கள். மதமில்லாத பெற்றோரும் தங்கள் மதமின்மையைப் பிள்ளைகளுக்குக் கையளித்தார்கள் என்பது இதில் கிடைத்த இன்னொரு செய்தி.

சமூகம் என்ற பெரிய மேடை

இங்கே மூன்று பேரைத் தாண்டிப் போக முடியாது. மார்க்ஸ் 1844இல் மதத்தை மக்களின் அபின் என்றார். எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பத்தியில், ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு அது, இதயமற்ற உலகின் இதயம் என்றும் எழுதியிருக்கிறார். அன்று அபின் வலிநிவாரணியாகவும் விற்கப்பட்டது. வலி இருப்பதால்தான் அது தேவைப்படுகிறது, வலியின் காரணத்தை ஒழியுங்கள் என்பது அவர் வாதத்தின் முழு வடிவம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் 1912இல், மக்கள் சேர்ந்து சடங்கு செய்யும்போது எழும் எழுச்சியில் சமூகம் தன்னையே வணங்குகிறது என்றார். அதற்கு முன்பே 1897இல், புராட்டஸ்டண்ட் பகுதிகளில் தற்கொலை அதிகம், கத்தோலிக்கப் பகுதிகளில் குறைவு, காரணம் கூட்டப் பிணைப்பு என்று எழுதியிருந்தார். பழி வரும் என்பதால் கத்தோலிக்க ஊர்களில் தற்கொலையை வேறு சாவாகப் பதிந்திருக்கலாமே என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். புள்ளிவிவரம் எழுதும் கையிலும் மதம் இருக்கிறது.

மூன்றாமவர் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த கிறித்தவர்கள், யாருக்கு மீட்பு என்று கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என நம்பியதால், தமக்கு மீட்பு உண்டா என்ற பதைப்பில் கடுமையாக உழைத்தார்கள், வீண் செலவு செய்யாமல் சேர்த்தார்கள், அந்த மனப்பாங்கு முதலாளித்துவத்துக்கு உரமானது என்று 1904-05இல் எழுதினார். நூறாண்டு கழித்து இதைச் சோதித்த விதம்தான் எனக்குப் பெரிய பாடம். சாஷா பெக்கர், லுட்கர் வோஸ்மான் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் பெரிய பகுதியாக இருந்த பிரஷ்யாவின் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கையில் எடுத்தார்கள். புராட்டஸ்டண்டுகள் மிகுந்த மாவட்டங்கள் உண்மையிலேயே வளமாகத்தான் இருந்தன. ஆனால் அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் அதிகம். ஒவ்வொருவரும் பைபிளைத் தாமே படிக்க வேண்டும் என்று புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் விரும்பினார், பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்றார். எழுத்தறிவைக் கணக்கில் கொண்டதும் மீதி வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போனது. வளம் உண்மை, மதத்தின் பங்கு உண்மை, வழிதான் வெபர் சொன்னது இல்லை. அப்புறம் டாவிடே கான்டோனி, 1300 முதல் 1900 வரை ஜெர்மன் நகரங்களின் வளர்ச்சியைப் பார்த்து, புராட்டஸ்டண்ட் நகரங்கள் கூடுதலாக வளர்ந்ததற்குத் தடயமே இல்லை என்றார். எதை வளர்ச்சி என்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறுகிறது.

ஒரே மதம் எதிரெதிர் வேலைகளைச் செய்யும் என்பதற்கு அடிமை முறையைவிடக் கூர்மையான சான்று தேவையில்லை. 1787இல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க அமைந்த குழுவைத் தொடங்கிய 12 பேரில் 9 பேர் குவேக்கர் என்ற சிறு கிறித்தவப் பிரிவினர். அதே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கத் தென்மாநிலப் போதகர்கள் அடிமை முறையை ஆதரித்தார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற தகராறில் 1845இல் பாப்டிஸ்டுகள் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினர் இரண்டாகப் பிரிந்தார்கள். அப்போது பிறந்த தென்பகுதி அமைப்பு 1995இல்தான் மன்னிப்புக் கேட்டது. ஒடுக்கியவர்கள் படித்த அதே வேதத்தில்தான் அடிமைகள் விடுதலையின் கதையைக் கண்டெடுத்தார்கள்.

நவீனம் வளர்ந்தால் மதம் தேயும் என்று ஒரு காலத்தில் சமூகவியலாளர்கள் அநேகமாக எல்லாரும் எண்ணினார்கள். பீட்டர் பெர்கர் 1968இல், இருபத்தோராம் நூற்றாண்டில் நம்பிக்கையாளர்கள் சிறுசிறு குழுக்களாகத்தான் மிஞ்சுவார்கள் என்றார். 1979இல் ஈரானில் புரட்சி வந்தது, அடுத்த ஆண்டு போலந்தில் கத்தோலிக்கப் பின்புலத்தோடு தொழிலாளர் இயக்கம் எழுந்தது. 1999இல் பெர்கர் தன் பழைய கருத்து தவறு என்று எழுதினார். ஹோசே கசனோவா இதைத் தெளிவாகப் பிரித்தார். அரசும் சந்தையும் அறிவியலும் மதத்திலிருந்து பிரிவது ஒன்று, நம்பிக்கை குறைவது ஒன்று, மதம் வீட்டுக்குள் ஒதுங்குவது ஒன்று. முதலாவது நடந்தால் மற்ற இரண்டும் நடந்தே தீரும் என்று இல்லை. பிப்பா நாரிஸும் ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டும் 2004இல், வாழ்க்கைப் பாதுகாப்பு உறுதியான சமூகங்களில் மதம் குறைகிறது, நிச்சயமற்ற இடங்களில் நிலைக்கிறது என்றார்கள். வளமான அமெரிக்கா இதற்கு நெடுநாள் விதிவிலக்காக நின்றது. 1990களுக்குப் பிறகு அங்கும் 'எந்த மதமும் இல்லை' என்போர் வேகமாகக் கூடினார்கள்.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி கிறித்தவ ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பார்த்து எழுதப்பட்டவை. மானுடவியலாளர் தலால் அசத் 1993இலேயே இதைச் சுட்டினார். மதம் என்றால் மனசுக்குள் இருக்கும் நம்பிக்கை என்ற வரையறையே புராட்டஸ்டண்ட் வரலாற்றில் உருவானது, அதை எல்லா மக்களுக்கும் அளவுகோலாக வைக்க முடியாது என்றார். சடங்கும் சட்டமும் உடற்பழக்கமும் முதன்மையாக உள்ள மரபுகளை 'நீங்கள் நம்புகிறீர்களா?' என்ற கேள்வித்தாளால் அளந்தால் பாதிதான் கையில் வரும்.

நம்பிக்கையா, கூட்டமா என்ற கேள்வியை நேராகச் சோதித்தவர்கள் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும். மதப் பற்றுள்ளவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லி வந்தன. அமெரிக்கர்களிடம் எடுத்த தரவை வைத்து 2010இல் இவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போய், அங்கே ஒரு நண்பர்கூட இல்லாதவர், போகவே போகாதவரைவிட அதிக நிறைவோடு இல்லை. அங்கே நெருங்கிய நண்பர்கள் உள்ளவர்களிடம்தான் வேறுபாடு தெரிந்தது. அப்படியானால் எந்த நட்பு வட்டமும் போதுமே? போதவில்லை. மதம் தன் அடையாளத்தின் முக்கியப் பகுதி என்று எண்ணுகிறவர்களுக்கே அந்த நட்பு அப்படி உதவியது. கூட்டமும் அதன் பொருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. வழிபாட்டுக் கூட்டங்கள் சுருங்கி வரும் நாடுகளில் இந்த இடத்தை வேறு எது நிரப்பும் என்பதைத்தான் சமூகவியலாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.